முப்பது மைலுக்கு வெளியே

கேள்வி: கலிபோர்னியாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பாம் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன உல்லாச நகரத்துக்கு அழைத்துப் போனான். "ஹாலிவுட்காரர்கள் பாலைவனம் வேண்டுமென்றால் இங்கேதான் வருவார்கள். ஸ்டூடியோ கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம், அதனால்தான் நட்சத்திரங்கள் இங்கே வீடு கட்டினார்கள்" என்றார் பஸ்ஸில் வந்த வழிகாட்டி. மலை, மணல், ரிசார்ட் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் படக்குழு தானே தேடி வரும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? நம் அரசுகள் ஏன் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது?
— ஒரு வாசகி, கோவை

பதில்: கற்றுக்கொள்ளலாம். ஆனால் பஸ் வழிகாட்டியிடமிருந்து வேண்டாம். அவர் சொன்னதில் நட்சத்திரங்கள் வந்தார்கள் என்பது உண்மை. அவர்கள் பின்னாலேயே கேமராவும் வந்தது என்பது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பேட்டா கணக்கு இருக்கிறது.

அந்த ஊர் ஆரம்பத்தில் நோயாளிகளின் ஊர். 1909-இல் நெல்லி காஃப்மன் என்ற அம்மையார் திறந்த 'டெஸர்ட் இன்', வறண்ட காற்றைத் தேடி வந்த நெஞ்சு நோய்க்காரர்களை நம்பித் தொடங்கியது. பிறகுதான் பணக்காரர்கள் வந்தார்கள். நடிகர்கள் சார்லஸ் ஃபாரலும் ரால்ஃப் பெல்லமியும் சேர்ந்து 1934-இல் ராக்கெட் கிளப் என்ற டென்னிஸ் கிளப்பை ஆரம்பித்தார்கள். ஃபிராங்க் சினாட்ரா 1947-இல் பியானோ வடிவ நீச்சல் குளத்தோடு வீடு கட்டிக்கொண்டார். இவர்கள் எல்லாரும் அங்கே போனது படப்பிடிப்பிலிருந்து தப்பிக்க. ஸ்டூடியோ கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று நடிகர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது என்ற கதையை அந்த ஊரில் டாக்சி டிரைவர் வரை சொல்வார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். இன்றைய விரைவுச்சாலை இல்லாத அந்தக் காலத்தில், 1930-களின் காரில், இரண்டு மணி நேரத்தில் திரும்பி மேக்கப் போட உட்கார்ந்திருந்தார்கள் என்றால் அது நடிப்பைவிடப் பெரிய சாதனை!

சரி, நட்சத்திரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். லைட்மேனுக்கு எவ்வளவு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் பெவர்லி பூலவார்டும் லா சியனேகா பூலவார்டும் சந்திக்கும் முனையை நடுப்புள்ளியாக வைத்து முப்பது மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள், அதாவது 48 கிலோமீட்டர். தொழிற்சங்க ஒப்பந்தப்படி இந்த வட்டத்துக்குள் படம் எடுத்தால் தொழிலாளி தன் வீட்டிலிருந்து வந்து போகலாம். வெகுதூரத்துக்கு அழைத்துப் போனால் பயண நேரத்துக்குச் சம்பளம், ஹோட்டல் அறை, சாப்பாட்டுக்குத் தினப்படி எல்லாம் தயாரிப்பாளர் தலையில். நம் ஊர் யூனிட்டில் 'அவுட்டோர்' என்ற சொல்லைக் கேட்டதும் புரொடக்ஷன் மேனேஜர் முகம் எப்படி மாறுமோ, அதேதான். (டி.எம்.இசட். என்ற சினிமா வம்பு இணையதளத்தின் பெயரே இந்த முப்பது மைல் வட்டத்தின் சுருக்கம்தான்.) பாம் ஸ்பிரிங்ஸ் இந்த வட்டத்துக்கு வெகு வெளியே கிடக்கிறது. நூறு பேர் யூனிட்டுக்கு நூறு பேருக்கும் அறை போட வேண்டும், அதுவும் உல்லாச நகர வாடகையில். ரிசார்ட் இருப்பது வசதி என்று நினைக்கிறீர்கள். ரிசார்ட்டின் பில்லைப் பார்க்கிறவருக்கு அதுவே முதல் தடை.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு வடக்கே அகுவா டுல்ஸே என்ற இடத்தில் 'வாஸ்க்வெஸ் ராக்ஸ்' என்று சாய்ந்து நிற்கும் பாறைக் கூட்டம் ஒன்று உண்டு. ரிசார்ட் கிடையாது, பனைமரம் கிடையாது, சினாட்ரா கிடையாது. ஆனால் ஒப்பந்தத்தில் அந்த இடத்தை வட்டத்துக்குள் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். விளைவு, கௌபாய் படங்கள் முதல் விண்வெளித் தொடர்கள் வரை அந்தப் பாறையில் ஏறாத கேமரா இல்லை. 'ஸ்டார் டிரெக்' தொடரில் 1967-இல் கேப்டன் கிர்க் பல்லி முகத்து அந்நியனோடு சண்டை போடும் வேற்றுக்கிரகம் இதே இடம்தான். காலையில் போய் வேற்றுக்கிரகத்தில் சண்டை எடுத்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தயாரிப்பாளருக்கு இதைவிட அழகான காட்சி உண்டா?

மணல் என்கிறீர்களே, அதையும் பார்த்துவிடுவோம். பாம் ஸ்பிரிங்ஸைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கல்லும் புதரும். அலை அலையாய்ப் புரளும் மணல் மேடுதான் வேண்டும் என்கிறவர்கள் இன்னும் தெற்கே, அரிசோனா எல்லையோரம் யூமா பக்கத்து மணல் மேடுகளுக்குப் போனார்கள். 1983-இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தின் பாலைவனக் காட்சிகள் அங்கே எடுத்தவை. பாம் ஸ்பிரிங்ஸில் ஒளிப்பதிவாளருக்கு வேறொரு சோதனை. ஊருக்கு மேற்கே, காலடியிலிருந்து செங்குத்தாக, 3,300 மீட்டர் உயரத்துக்கு சான் ஹசின்டோ மலை எழுந்து நிற்கிறது. காலை வெயிலில் அதைப் படம் பிடித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் சினிமாக்காரர்கள் தவம் கிடப்பது மாலை வெளிச்சத்துக்கு. குளிர்காலத்தில் மேற்கு ஓரத் தெருக்களில் நாலு மணிக்கு முன்னாலேயே மலையின் நிழல் விழுந்துவிடும். வானம் பளிச்சென்று இருக்கும், தரையில் வெயில் இருக்காது. அரை நாள் கால்ஷீட்டை மலை விழுங்கிவிடும். கோடையில் வெயில் நிறைய கிடைக்கும், அதைத் தாங்கத்தான் ஆள் கிடையாது: 2024 ஜூலை 5 அன்று அந்த ஊரில் 51 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஊருக்கு வடமேற்கே உள்ள சான் கோர்கோனியோ கணவாயில் வீசும் காற்று ஆயிரக்கணக்கான காற்றாலைகளுக்குத் தீனி போடுகிறது. அந்தக் காற்றில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வசனம் பதிவு செய்யப் பாருங்கள்.

இத்தனைக்கும் நடுவில் படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஃபிராங்க் காப்ரா 1937-இல் 'லாஸ்ட் ஹொரைசன்' படத்துக்கு டாக்கீட்ஸ் பள்ளத்தாக்கின் அருவியைப் பயன்படுத்தினார், பாலைவனமாக அல்ல, திபெத்து மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் சொர்க்கமாக! 2006-இல் மூன்றாவது 'மிஷன் இம்பாசிபிள்' படத்தில் ஹெலிகாப்டர்கள் காற்றாலை இறக்கைகளுக்கு நடுவே துரத்திக்கொண்டு பறக்கும். கதைப்படி அது ஜெர்மனி, பறந்தது மேலே சொன்ன கணவாயில். 1963-இன் 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்' தொடக்கத்தில் கார் ஒன்று பாய்ந்து விழுமே, அது பக்கத்து ஊரான பாம் டெஸர்ட்டுக்கு மேலே வளைந்து வளைந்து ஏறும் 74-ஆம் எண் சாலை. அந்தச் சாலைக்காக வந்தார்கள், ரிசார்ட்டுக்காக அல்ல.

பாம் ஸ்பிரிங்ஸ் பாம் ஸ்பிரிங்ஸாகவே கேமராவுக்குப் பிடித்துப்போனது இயற்கையால் அல்ல, வீடுகளால். ஜான் லாட்னர் 1968-இல் கட்டி முடித்த எல்ராட் வீட்டைப் பாருங்கள். மலைச் சரிவில் இருந்த பாறைகளை வெடி வைத்து எறியாமல், வரவேற்பறைக்குள்ளேயே ஆள் உயரத்துக்கு நிற்க விட்டு, மேலே கான்கிரீட்டில் வட்டக் கூரை கவிழ்த்தார். 1971-இல் 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் இரண்டு பெண்கள் ஜேம்ஸ் பாண்டைப் பந்தாடுவது அந்த அறையில்தான். ஒருத்தி பாறை மேல் ஒயிலாகச் சாய்ந்திருப்பாள், அங்கிருந்து இறங்கி வந்து உதைப்பாள். எந்த ஆர்ட் டைரக்டரும் பட்ஜெட் போட்டுக் கேட்கத் துணியாத செட் அது. ரிச்சர்ட் நாய்ட்ரா 1946-இல் கட்டிய காஃப்மன் வீடு இன்னொன்று (விடுதி நடத்திய அம்மையார் அல்ல, இது வேறு காஃப்மன்). 1970-இல் அதன் நீச்சல் குளத்தோரம் பெண்கள் அரட்டையடிப்பதை ஸ்லிம் ஆரன்ஸ் எடுத்த ஒரு புகைப்படம் உலகம் முழுக்கச் சுவர்களில் தொங்குகிறது. அந்த ஊருக்கு எந்தப் படமும் அவ்வளவு விளம்பரம் செய்ததில்லை என்பது என் கட்சி. 2022-இல் வெளியான 'டோன்ட் வொர்ரி டார்லிங்' படத்தின் குழுவும் அதே வீட்டுக்குத்தான் வந்தது, 1950-களை அப்படியே தூக்கி வைத்த கற்பனை ஊர் ஒன்று வேண்டியிருந்ததால். அந்தக் காலத்து வீடுகளை இடித்து அபார்ட்மென்ட் கட்டாமல் விட்டதற்குக் கிடைத்த வாடகை இது.

கொடுமை என்னவென்றால், 2020-இல் 'பாம் ஸ்பிரிங்ஸ்' என்றே பெயர் வைத்து ஒரு படம் வந்தது. பாலைவன ரிசார்ட்டில் கல்யாணம், ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது என்று கதை. சன்டான்ஸ் விழாவில் 1.75 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. அதைப் பெரும்பாலும் எடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில். பெயரைக் கொடுத்த ஊருக்குத் தன் வேடத்தில் தானே நடிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ரிசார்ட்டும் படப்பிடிப்பும் உண்மையாகவே ஒட்டிக்கொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. பக்கத்து மலைமேட்டில் 1946-இல் ராய் ரோஜர்ஸ் முதலிய கௌபாய் நடிகர்கள் பணம் போட்டு 'பயனீர்டவுன்' என்று ஒரு தெருவையே கட்டினார்கள். வெளியே பார்த்தால் 1870-களின் மேற்கத்திய ஊர், உள்ளே போனால் கடை, தங்கும் விடுதி, பௌலிங் ஆட்டக் கூடம். யூனிட் அங்கேயே தங்கி அங்கேயே எடுத்தது. 'சிஸ்கோ கிட்', ஜீன் ஆட்ரி நிகழ்ச்சி போன்ற தொலைக்காட்சித் தொடர்கள் 1950-களில் அங்கே உருவாயின. குதிரைப் படங்களின் மவுசு குறைந்ததும் தெருவில் படப்பிடிப்பும் குறைந்தது. இன்னொன்று 2020 கொரோனா கோடையில். 'பேச்சலரெட்' என்ற மாப்பிள்ளை தேடும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஊர் ஊராகப் பறக்க வழியில்லாததால் லா கின்டா ரிசார்ட்டையே வளைத்துப் போட்டு, போட்டியாளர்களையும் யூனிட்டையும் உள்ளே வைத்துப் பூட்டி ஒரு சீசன் முழுவதையும் எடுத்து முடித்தார்கள். கோடையில், அதுவும் கொரோனாவில், அறைகள் காலியாகக் கிடந்தன. சீசனில் அதே ரிசார்ட்டைக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பஸ் அந்தப் பக்கம் நின்றிருக்காது. அந்த ஊரின் நிலத்தில் ஒரு பெரிய பகுதி, சதுரங்கக் கட்டம் போல ஒன்றுவிட்டு ஒன்றாக, அகுவா காலியன்டே கவீயா என்ற பழங்குடியினருடையது. டாக்கீட்ஸ் அருவி இன்றும் அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஊர் நடுவில் 'செக்ஷன் 14' என்ற ஒரு சதுர மைல் அவர்களுடைய நிலத்தில், ரிசார்ட்டுகளில் அறை பெருக்கியவர்களும் கட்டட வேலை செய்தவர்களுமான கறுப்பினக் குடும்பங்களும் மெக்சிகன் குடும்பங்களும் குடியிருந்தன. அந்த நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம் என்றானதும் அதன் மதிப்பு ஏறியது. 1950-களிலும் 60-களிலும் அந்தக் குடும்பங்களை வெளியேற்றி, வீடுகளை இடித்து, எரித்தார்கள். 2021-இல் நகராட்சி மன்னிப்புக் கேட்டது. 2024-இல் 59 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அழகான ரிசார்ட் நகரத்தை மாதிரியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அரசுகள். வெயில், மலை, பனைமரம், நடிகர்கள், நூறு வருஷப் பழக்கம் எல்லாம் வைத்திருக்கும் கலிபோர்னியாவே படக்குழுக்கள் ஜார்ஜியாவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் ஓடுவதைப் பார்த்து, வரிச் சலுகைக்கான தொகையை 2025-இல் ஆண்டுக்கு 33 கோடி டாலரிலிருந்து 75 கோடியாக உயர்த்தியது. அந்தத் திட்டத்தில் முப்பது மைல் வட்டத்துக்கு வெளியே போய் எடுக்கும் செலவுக்கு 5 சதவீதம் கூடுதல் சலுகை என்று தனியாகவே ஒரு விதி இருக்கிறது. பேட்டா கணக்கால் போன படப்பிடிப்பைப் பேட்டா கணக்காலேயே திரும்ப அழைக்கப் பார்க்கிறார்கள். அரசுக்கு மனு எழுதுவதாக இருந்தால் பாலைவனத்தில் ரிசார்ட் கேட்காதீர்கள். ஒரே அலுவலகத்தில் அனுமதி, யூனிட்டுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் அறை, வெளியூர் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் விதி, இந்த மூன்றையும் கேளுங்கள். இடிக்காமல் வைத்திருக்கத் தகுந்த பழைய வீடுகளின் பட்டியல் ஒன்றையும் கூடவே இணைத்து அனுப்புங்கள்.