பழைய புத்தகங்களை மாற்றிக்கொள்வது: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, முதல் முறையாக என் புத்தகங்களை இணையத்தில் பட்டியல் போடப் போகிறேன். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. உங்கள் கண்ணுக்கு நல்ல நிலையில் இருப்பது இன்னொருவருக்குக் கந்தலாகத் தெரியும். குறை என்ன, எங்கே என்று எழுதிவிடுங்கள். ‘முதுகில் இரண்டு மடிப்புக் கோடுகள். முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பெயர். மூன்றாம் அத்தியாயத்தில் பென்சில் அடிக்கோடு. ஈரக்கறை இல்லை.’ இவ்வளவுதான், நாலே வரி. படம் எடுக்கும்போது முன் அட்டை, முதுகு, பதிப்பு விவரம் உள்ள பக்கம், அப்புறம் இருப்பதிலேயே மோசமான பக்கம் ஆகிய நான்கும் வேண்டும். பலரும் அட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சண்டையெல்லாம் அந்த நான்காவது படம் இல்லாததால்தான் வருகிறது.

கேள்வி: புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பார்த்துத்தான் கேட்டேன். வந்த புத்தகத்தின் அட்டை வேறு! ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவசரப்படாதீர்கள். கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறு எண், திருத்திய பதிப்புக்கு இன்னொரு எண் என்றுதான் கொடுப்பார்கள். ஆனால் வெறும் மறு அச்சு என்றால், அட்டைப் படத்தை மாற்றினாலும் பெரும்பாலும் பழைய எண்ணே தொடரும். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். குறிப்பிட்ட அட்டையோ குறிப்பிட்ட மொழிபெயர்ப்போ வேண்டுமென்றால், எண்ணோடு விடாமல் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. 2007 ஜனவரியில்தான் இந்த எண் பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்று ஆனது. பழைய எண்ணுக்கு முன்னால் 978 மட்டும் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் கடைசி இலக்கமும் பெரும்பாலும் மாறியிருக்கும். 1970க்கு முன் வந்தவற்றில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. அவற்றைப் பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை வைத்துத்தான் அடையாளம் காண முடியும்.

கேள்வி: நான் தருவது 700 பக்கம், அவர் தருவது 120 பக்கம். இது நியாயமா?

பதில்: பக்கத்தை எண்ணினால் இந்தப் பழக்கமே கசந்துவிடும். நீங்கள் படித்து முடித்தது போகிறது, படிக்காதது வருகிறது. பார்க்க வேண்டியது எடையைத்தான், ஏனென்றால் தபால் செலவை ஏற்றுவது அது. அவரவர் அனுப்புவதற்கு அவரவர் செலவு என்றால், கனமான புத்தகத்துக்கு ஈடாக இரண்டு மெல்லிய புத்தகங்கள் கேட்பதில் தப்பில்லை.

கேள்வி: நேருக்கு நேர் மாற்றுவதா, புள்ளி முறையா, எது மேல்?

பதில்: உங்களிடம் இருப்பது எனக்கு வேண்டும், என்னிடம் இருப்பது உங்களுக்கும் வேண்டும் என்று அமைவது அபூர்வம். அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் புள்ளி வந்தது. 2004இல் தொடங்கிய பேப்பர்பேக்ஸ்வாப், 2006இல் வந்த புக்மூச் என்ற புத்தக மாற்றுத் தளங்கள் இரண்டிலும் இதுதான் வழி. ஒருவருக்கு அனுப்பினால் புள்ளி சேரும், அதை வைத்து வேறு யாரிடமிருந்தும் கேட்கலாம். ஆனால் நேற்று எல்லோரும் படித்த விறுவிறு நாவல்கள் அங்கே குவிந்து கிடக்கும், நீங்கள் தேடுவதற்கோ நீண்ட வரிசை நிற்கும். தவிர, தளம் மூடினால் புள்ளியும் போச்சு. சேர்த்துவைக்காமல் அவ்வப்போது செலவழித்துவிடுங்கள். அரிய புத்தகத்தைப் புள்ளிக்குக் கொடுக்காதீர்கள், அதற்கு நேர்மாற்றுதான் சரி.

கேள்வி: முன்பின் தெரியாதவர். யார் முதலில் அனுப்புவது?

பதில்: இரண்டு பேரும் ஒரே நாளில் அனுப்பி, டிராக்கிங் எண்ணை மாற்றிக்கொள்வது நல்லது. ஒருவர் புதியவர், மற்றவருக்கு நல்ல பெயர் இருக்கிறது என்றால் புதியவர் முதலில் அனுப்புவதே முறை. சந்தேகமாக இருந்தால், அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டைப் புத்தகத்தின் மேல் வைத்துப் படம் கேளுங்கள். கையில் இருப்பவர் உடனே எடுத்து அனுப்புவார். இல்லாதவர் சாக்குச் சொல்வார்.

கேள்வி: வந்த புத்தகத்தில் பூச்சி ஓடுகிறது, பூஞ்சை வாடை வேறு. என்ன செய்ய?

பதில்: முதலில் அலமாரிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி மாதிரி ஏதாவது என்றால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் படிந்துவிடும். பூஞ்சைக்கு இந்த வைத்தியம் பலிக்காது, குளிரில் அது தூங்கத்தான் செய்யும். நன்றாக உலர்த்தி, வெளியில் வைத்து மூக்கை மூடிக்கொண்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் யாருக்கும் அனுப்ப வேண்டாம். தாள் வெறுமனே மஞ்சளாகியிருந்தால் பயமில்லை, மலிவான தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் மாறும்.

கேள்வி: மின்னூலையும் இப்படி மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அச்சுப் புத்தகத்தைக் கொடுத்தால் உங்களிடம் அது இருக்காது, மின்னூலில் கொடுப்பது பிரதி. பழைய மின்னூல்களை விற்ற ஒரு வழக்கில், உரிமையாளர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்றுதான் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2019 டிசம்பரில் சொன்னது.

கேள்வி: பார்சல் கட்ட ஏதாவது யோசனை?

பதில்: முதலில் ஈரம் புகாத பிளாஸ்டிக், அதன் மேல் இரு பக்கமும் அட்டை. அந்த அட்டை புத்தகத்தைவிட விரலகலம் பெரிதாக இருந்தால் மூலை நசுங்காது. டேப்பைப் புத்தகத்தின் மேல் ஒட்டிவிடாதீர்கள். கட்டும் முன் ஒரு தடவை பக்கங்களைப் புரட்டி உதறுங்கள். ரசீது, புகைப்படம், கடிதம் என்று என்னென்னவோ உள்ளே இருக்கும்.

கேள்வி: நூலக முத்திரை இருக்கும் புத்தகம்?

பதில்: நூலகம் கழித்துவிட்டது என்ற முத்திரையும் இருந்தால் சரி. இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

கேள்வி: ஒப்புக்கொண்டுவிட்டேன், இப்போது கொடுக்க மனசு வரவில்லை. பின்வாங்கலாமா?

பதில்: அவர் இன்னும் தபாலில் போடவில்லையா? இன்றைக்கே சொல்லிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். போட்டுவிட்டார் என்றால் அனுப்பித்தான் ஆகவேண்டும்.