மாதவிடாயை ஒட்டி அடிக்கிறாள், கடிக்கிறாள்: மருந்து உண்டா?

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுள்ள 24 வயது மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். மருந்து உண்டு. எது என்பதை, ஆவேசம் எந்த நாளில் வருகிறது என்பதுதான் தீர்மானிக்கும். மூன்று மாதம் காலண்டரில் குறித்து வையுங்கள்: ரத்தப்போக்கு தொடங்கிய நாள், அடித்த நாள், தூங்காத இரவு, மலம் கழித்த நாள், வலிப்பு வந்தால் அதுவும். மலச்சிக்கலைப் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். அந்த வலியும் ஆளை மூர்க்கமாக்கும்.

ரத்தப்போக்கின் முதல் இரண்டு மூன்று நாளில் மட்டும் என்றால் வலியைச் சந்தேகியுங்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர் சுருண்டு படுப்பார், வயிற்றைப் பிடித்துக்கொள்வார், கிட்டே போனால் அடிப்பார். வலிநிவாரணி ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம், சாப்பிட்டபின், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி முற்றிய பிறகு கொடுத்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. கருப்பையை இறுக்கி வலி தரும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் சுரப்பதை இது தடுக்கும். சுரந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. நாள் கணிக்க முடிந்தால் முந்தின நாளே தொடங்குங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிட்டாலோ மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

ஒரு வாரம் முன்பே தொடங்கி, ரத்தம் வந்ததும் அடங்கினால் அது வேறு: வலியல்ல, மாதவிடாய்க்கு முந்தைய மனநிலை மாற்றம். ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்றவற்றை மனநல மருத்துவர் எழுதுவார். மனச்சோர்வுக்கு வாரக்கணக்கில் ஆகும் இவை இங்கே சில நாளிலேயே பலன் தரும். அதனால் மாதவிடாய்க்கு முந்தைய 14 நாள் மட்டும் கொடுப்பதும் உண்டு. ஃப்ளூவாக்ஸெட்டின் வழக்கமான அளவு 20 மில்லிகிராம். அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கு 5 அல்லது 10-இல் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்தே படபடப்பும் தூக்கமின்மையும் தரக்கூடும்; அதை நோய் என்று நினைத்து அளவைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

கருத்தடை மாத்திரையை இடைவெளியின்றிக் கொடுத்துச் சுழற்சியையே நிறுத்தலாம். ஆனால் கார்பமாஸெபின், ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்துகள் அதன் வேலையைக் குறைக்கும். கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து ரத்தத்தில் இருக்கும் அளவைப் பாதியாகக்கூடக் குறைத்து வலிப்பை வரவழைக்கும். நடமாட்டம் குறைந்தவர்களுக்கு ரத்தம் உறையும் அபாயமும் உண்டு.

சில நாள் வலிக்கு மாதம் முழுக்க ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைக் கொடுப்பது சரியல்ல என்பேன். அது புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டி மாதவிடாயையே தடுமாற வைக்கும். உங்கள் காலண்டர் பயனற்றுப்போகும். கர்ப்பப்பையை எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் சினைப்பைகள் இருக்கும்வரை முந்தைய வாரத்து ஆவேசம் அப்படியேதான் வரும்.