லாகின் பேஜ் வருது, லாகின் மட்டும் ஆகல!

இந்த வாட்டி ஜாவா கேள்வியாவே வந்து குவிஞ்சிருக்கு, எல்லாமே ஒரே ஜாதி நோய்தான். அதனால மொபைல் கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துடலாம். புதுசா படிக்கறவங்களுக்கு மட்டும் ஒரு வரி: டாம்கேட்னா ஜாவா வெப் அப்ளிகேஷன ஓட்டற சர்வர் சாஃப்ட்வேர், சர்வ்லெட்னா பிரவுசர் கேக்கறதுக்கு பதில் குடுக்கற ஜாவா கிளாஸ், ஜேஎஸ்பி-ன்னா உள்ள ஜாவா கலந்த வெப் பேஜ், ஜார்னா கிளாஸ்களக் கட்டின மூட்டை, வார்னா மொத்த அப்ளிகேஷனையும் கட்டின மூட்டை, லிப்னா அப்ளிகேஷனுக்குள்ள ஜார் எல்லாம் இருக்கற ஃபோல்டர்.

கேள்வி: சார், எங்க ஆபீஸ்ல யாரோ எப்பவோ எழுதி வச்சுட்டு வேலைய விட்டுப் போன ஒரு ஜேஎஸ்பி-சர்வ்லெட் அப்ளிகேஷன் என் தலைல விழுந்திருக்கு. பழைய சர்வர்ல ஜாவா 8, டாம்கேட் 8.5. அது புட்டுக்கிச்சு. புது சர்வர்ல ஜாவா 17, டாம்கேட் 10.1 போட்டு அதே வார் ஃபைல வச்சேன். லாகின் பேஜ் சூப்பரா வருது, பாஸ்வேர்டு போட்டு பட்டன அமுக்கினா கிளாஸ் கிடைக்கலன்னு எரர், மத்த லிங்க் எல்லாம் 404. நெட்ல ஒருத்தர் சர்வ்லெட் ஏபிஐ ஜார லிப் ஃபோல்டர்ல போடுன்னு சொன்னார், போட்டேன். இப்ப 'கிளாஸ் காஸ்ட்'னு வேற எரர் வருது. கோட்ல ஒரு வரி கூட நான் தொடலயே சார்?
— ஈரோடு வாசகி

பதில்: நீங்க தொடலம்மா, டாம்கேட் தொட்டுடுச்சு. சர்வ்லெட் சம்பந்தப்பட்ட கிளாஸ் எல்லாம் முன்னாடி 'ஜாவாஎக்ஸ்'னு ஆரம்பிக்கிற பேக்கேஜ்ல இருந்துச்சு. 2017-ல ஆரக்கிள் ஜாவா ஈஈ-ய (சர்வ்லெட் எல்லாம் அடங்கின தொகுப்பு) எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்கு தூக்கிக் குடுத்துச்சு, ஆனா ஜாவாங்கற பேரு ஆரக்கிளோட டிரேட்மார்க், அந்தப் பேக்கேஜ் பேர வச்சுக்கிட்டு உள்ள எதையும் மாத்தக்கூடாதுன்னு 2019-ல பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சு. அதனால 2020 கடைசில வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல (ஜாவா ஈஈ-யோட புதுப் பேருதான் ஜகார்த்தா ஈஈ) மொத்தமா பேர மாத்திட்டாங்க, 'ஜாவாஎக்ஸ்' போய் 'ஜகார்த்தா' வந்துச்சு. ஜாவா தீவுல இருக்கற ஊரு ஜகார்த்தா, பேரு வைக்கறதுல மட்டும் நல்லா ரசனையாத்தான் இருக்காங்க. டாம்கேட் 9 வரைக்கும் பழைய பேரு, 10-ல இருந்து புதுப் பேரு, அவ்ளோதான் உங்க பிரச்சனை.

லாகின் பேஜ் மட்டும் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சீங்களா? ஜேஎஸ்பி-ய டாம்கேட் தன் கையாலயே அங்கயே கம்பைல் பண்ணிக்கும், அதனால அது தானா புதுப் பேருக்கு மாறிடும். சர்வ்லெட் நீங்க முன்னாடியே கம்பைல் பண்ணி குடுத்தது, அதுக்குள்ள பழைய பேருதான் பதிஞ்சிருக்கு. இதுல வெப் எக்ஸ்எம்எல்-ல, அதாவது அப்ளிகேஷனோட செட்டிங் ஃபைல்ல எழுதின சர்வ்லெட்ட கூப்பிட்டா டாம்கேட் தேடிப் பாத்து பழைய கிளாஸ் கிடைக்கலன்னு கத்தும், அதாவது சத்தம் போடும், அது நல்ல நோய். அனோட்டேஷன், அதாவது கோடுக்குள்ளயே கிளாஸ் மேல ஒட்டற குறிப்பு, போட்ட சர்வ்லெட் இருக்கே, டாம்கேட் 10 ஜகார்த்தா அனோட்டேஷனத்தான் தேடுது, உங்களோடது அதோட கண்ணுக்கே தெரியாது, அதனால லாக்ல ஒரு எழுத்து கூட இல்லாம கம்முனு 404. ராத்திரி தூக்கம் கெடுக்கறது இந்த ரெண்டாவதுதான்.

அப்புறம் அந்த ஜார். தலைவலி போய் திருகுவலி வந்த கதை. ஜார போட்டதும் பழைய சர்வ்லெட் கிளாஸ் கிடைச்சிடுச்சு, உங்க கிளாஸ் லோடும் ஆயிடுச்சு, ஆனா டாம்கேட் கேக்கறது ஜகார்த்தா சர்வ்லெட், நீங்க நீட்டறது ஜாவாஎக்ஸ் சர்வ்லெட், ஒரே பேரு வச்ச ரெண்டு வேற ஆளு. முதல்ல அந்த ஜார எடுத்து வெளில போடுங்க. எந்த டாம்கேட்டா இருந்தாலும் சர்வ்லெட் ஏபிஐ ஜார் உங்க அப்ளிகேஷனோட லிப்ல இருக்கவே கூடாது, அது டாம்கேட் குடுக்கறது, மேவன்ல (வேண்டிய ஜார இழுத்து வந்து அப்ளிகேஷன கட்டித் தர்ற கருவி) ஸ்கோப் 'புரொவைடட்'னு போடறது இதுக்குத்தான்.

இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஓடணும்னா டாம்கேட் 9 போடுங்க, முடிஞ்சுது. பழைய 8.5-க்கு மட்டும் திரும்பப் போகாதீங்க, அதுக்கு 2024 மார்ச்சோட சப்போர்ட் நின்னுபோச்சு. 10.1-தான் வேணும்னு மேல இருக்கறவர் ஒத்தக் கால்ல நின்னா, டாம்கேட் ஃபோல்டருக்குள்ள 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ'னு ஒரு ஃபோல்டர் உண்டாக்கி வார் ஃபைல அதுல போடுங்க, அதுவே பேர மாத்தி வெப்ஆப்ஸ்ல கொண்டு போய் வச்சிடும். நான் ஒரு பழைய ஸ்டாக் மெயின்டனன்ஸ் அப்ளிகேஷனுக்கு இப்படிதான் பண்ணேன், பெரிய ரகளை இல்லாம ஓடுது.

சோர்ஸ் கையில இருந்தா பொறுமையா மாத்தறதுதான் நல்லது, ஆனா கண்ண மூடிக்கிட்டு ஃபைண்ட்-ரீப்ளேஸ் அடிச்சிடாதீங்க! ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாஎக்ஸ் நேமிங், ஜாவாஎக்ஸ் கிரிப்டோ இதெல்லாம் ஜேடிகே-வோட, அதாவது நீங்க இன்ஸ்டால் பண்ற ஜாவாவோட சொத்து, அதுக்கு பேரு மாறல, மாத்தினா கம்பைலே ஆகாது. இன்னொண்ணு, எரர் பேஜ்ல மெசேஜ் எடுக்கறதுக்கு 'ஜாவாஎக்ஸ் டாட் சர்வ்லெட் டாட் எரர்'னு ஸ்ட்ரிங்கா எழுதி வச்சிருப்பாங்க, அத கம்பைலர் புடிக்காது, 'நல்' (null), அதாவது ஒண்ணுமே இல்லன்னு வந்து நிக்கும், அத நீங்கதான் தேடிப் புடிக்கணும். ஃபைல் அப்லோடுக்கு காமன்ஸ் ஃபைல்அப்லோடு 1-ம் சீரிஸ் இருந்தா அதுவும் பழைய பேருதான், சர்வ்லெட் 3.0-ல இருந்தே 'கெட் பார்ட்' உள்ளயே இருக்கு, அதுக்கு மாறிடுங்க, ஒரு ஜார் மிச்சம். உள்ள ஸ்ப்ரிங் 5 (ஜாவா ஃபிரேம்வொர்க்) இருந்தா கதை பெருசு, ஜகார்த்தா வேணும்னா ஸ்ப்ரிங் 6-க்கு போகணும், அது ஜாவா 17-க்கு கீழ ஓடாது. உங்ககிட்ட ஏற்கனவே 17 இருக்கு, தப்பிச்சீங்க.

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்ல பக்காவா ஓடுது, சர்வர்ல போட்டா ஜாக்சன்ல (ஜேசான் டேட்டா படிக்கற லைப்ரரி) 'நோ சச் மெத்தட் எரர்'. பாம் ஃபைல் (எந்த ஜார் வேணும்னு மேவனுக்கு எழுதி வைக்கற POM) ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.
— மதுரை வாசகர்

பதில்: தம்பி, பாம் ஃபைல் ஒண்ணா இருக்கலாம், லிப் ஃபோல்டர் ஒண்ணான்னு பாத்தியா? கிளாஸே இல்லன்னா கிளாஸ் இல்லன்னு சொல்லும், மெத்தட் இல்லன்னு சொன்னா கிளாஸ் இருக்கு, ஆனா நீ கம்பைல் பண்ண வெர்ஷன் இல்ல, வேற ஏதோ ஒண்ணு முன்னாடி வந்து உக்காந்துக்கிச்சுன்னு அர்த்தம். பாதி நேரம் என்ன நடக்குதுன்னா, பழைய ஃபோல்டர அழிக்காம புதுச அது மேலயே காப்பி பண்றது, அதுல ஜாக்சன் 2.9-ம் கிடக்கும் 2.15-ம் கிடக்கும். லிப் ஃபோல்டர்ல எந்த ஜார் முதல்ல படிக்கப்படும்னு டாம்கேட் எந்த உத்தரவாதமும் தர்றதில்ல, உன் லேப்டாப்ல ஒண்ணு மாட்டும், சர்வர்ல இன்னொண்ணு மாட்டும். டாம்கேட்ட நிறுத்து, வார் ஃபைல விரிச்ச ஃபோல்டர், டாம்கேட்டோட வொர்க் ஃபோல்டர் ரெண்டையும் அழி, புதுசா போடு.

அதுக்கும் போகலன்னா ஊகம் பண்ணிக்கிட்டு உக்காராம அந்த கிளாஸ்கிட்டயே நீ எந்த ஜார்ல இருந்து வந்தேன்னு கேட்டுடு. கெட் புரொடெக்‌ஷன் டொமைன், கெட் கோட் சோர்ஸ், கெட் லொகேஷன், மூணையும் வரிசையா கூப்பிட்டு பிரின்ட் பண்ணா ஜாரோட முழு பாத் வந்துடும். எனக்கு இந்த ஒரு வரி மிச்சம் பண்ணிக் குடுத்த நேரத்துல ஒரு வீடே கட்டியிருக்கலாம்! அப்புறம் மேவன் டிபென்டென்சி ட்ரீ போட்டு அத யார் கூட்டிட்டு வந்தாங்கன்னு பாரு. மேவன் புது வெர்ஷன எடுக்கும்னு நிறைய பேர் நினைச்சிக்கிறாங்க, இல்ல, அது உன் பாமுக்கு எது கிட்ட இருக்கோ அத எடுக்கும், ரெண்டும் ஒரே தூரம்னா முதல்ல எழுதினது, பழசா இருந்தாலும் சரி. மேவன் மாதிரியே இன்னொரு கருவி இருக்கே, கிரேடில், அதுதான் பெரிய நம்பர எடுக்கறது. ஜாக்சன்ல கோர், டேட்டாபைண்ட், ரெண்டும் ஒரே சீரிஸ்ல இருக்கணும், தனித்தனியா நம்பர் எழுதாம ஜாக்சன் BOM (மேல சொன்ன பாம் ஃபைல் இல்ல, ஒண்ணுக்கொண்ணு பொருந்தற ஜாக்சன் வெர்ஷன் பட்டியல்), அத டிபென்டென்சி மேனேஜ்மென்ட்ல ஒரு வாட்டி இம்போர்ட் பண்ணி வச்சுக்கோ.

கேள்வி: ஜாவா 8-ல இருந்து 17 போனோம், எக்ஸ்எம்எல் படிக்கற இடத்துல ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல்-ல ஜாவா ஆப்ஜெக்டா மாத்தற JAXB) கிளாஸ் காணோம்ங்குது. எங்க போச்சு?
— கோவை வாசகர்

பதில்: 2018-ல வந்த ஜாவா 11-லயே ஜேடிகே-ல இருந்து தூக்கிட்டாங்க, இனிமே நாமதான் வெளில இருந்து சேத்துக்கணும். ஏபிஐ ஜார் மட்டும் போட்டா கம்பைல் ஆகும், ஓடறப்ப விழும், ரன்டைம் ஜாரும் சேத்தே போடுங்க. பழைய கோடு அப்படியே இருந்தா ரெண்டுமே 2.3 சீரிஸ், 3-லயும் 4-லயும் பேரு ஜகார்த்தா ஆயிடுச்சு, மேல ஈரோடு வாசகிக்கு சொன்ன அதே ராமாயணம்.

கேள்வி: கிளாஸ் வெர்ஷன் 61, நான் 55 வரைக்கும்தான் படிப்பேன்னு வருது, இது என்ன கணக்கு?
— திருச்சி வாசகர்

பதில்: ரெண்டு நம்பர்ல இருந்தும் 44-அ கழிங்க, ஜாவா வெர்ஷன் வந்துடும். 17-ல கம்பைல் பண்ணி 11-ல ஓட்டறீங்க.