பரிசில் யாருக்கு?

கேள்வி: நம் நாட்டில் முன்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி எப்படி அமைந்திருக்கிறது? மகன் தரம் 4. புலமைப்பரிசிலுக்கு இப்போதே டியூஷனில் சேர்க்கவா?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முன்பள்ளி பெரும்பாலும் தனியார் கையில். தரம் 1 முதல் 5 வரை ஆரம்பக் கல்வி. தரம் 5இல்தான் நீங்கள் கேட்கும் புலமைப்பரிசில் பரீட்சை: நல்ல புள்ளி எடுத்தால் பெரிய பாடசாலையில் இடம், வசதியில்லாத பிள்ளைக்கு உதவிப்பணம். 11இல் சாதாரண தரப் பரீட்சை, 13இல் உயர்தரம். அப்புறம் இசட் புள்ளி, அதாவது வெவ்வேறு பாடம் எடுத்தவர்களையும் ஒப்பிடும்படி உயர்தரப் புள்ளிகளைச் சீராக்கிய கணக்கு. பல்கலைக்கழக அனுமதி அதை வைத்துத்தான். பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. சரி.

நீங்கள் எழுதிய ஒரு சொல் என்னை விடவில்லை. பரிசில்! பாணரும் புலவரும் காடு மேடு நடந்து வள்ளலிடம் பெற்று வந்தது பரிசில். அது வந்த அன்றுதான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இல்லாதவர் வீடு தேடிப் போக வேண்டிய பொருள் அது. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளைத் திறந்து, கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துத் தெரிந்து, இலவசமாகத் தங்கிப் படிக்க வைத்தார். அதற்குப் பரிசில் என்று பெயர் வைத்தது பொருத்தம்.

இன்று கொழும்பில் வசதியுள்ள வீடுகள்தான் அதைத் துரத்துகின்றன. போன சனிக்கிழமை காலை ஆறரைக்கு காலி வீதியில் ஒரு வேனுக்குள் பார்த்தேன். ஒரு பையன், மடியில் மாதிரி வினாத்தாள், கையில் இடியப்பம். சம்பல் பட்ட விரலை வினாத்தாளின் ஓரத்திலேயே துடைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனான். பத்து வயதுகூட இராது. பெறுபேறு வந்ததும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் படத்தைப் புள்ளியோடு பதாகையில் தொங்கவிடுகிறார்கள். பதாகையில் வராத பிள்ளை அந்த வழியாகத்தானே தினமும் பாடசாலைக்குப் போகிறது? இதை எழுதும்போதெல்லாம் டியூஷன் ஆசிரியர்கள் கோபித்துக் கடிதம் போடுகிறார்கள். போடட்டும். உதவிப்பணம் ஏழைப் பிள்ளைக்குக் கட்டாயம் போக வேண்டும். நல்ல பாடசாலைக்காக ஒரு பிள்ளை ஊர் கடந்து ஓட வேண்டியிருந்தால், திருத்த வேண்டியது அதன் பக்கத்துப் பாடசாலையை.

உங்கள் மகனின் பாடசாலையில் தரம் 13 வரை இருக்கிறதா? இருந்தால் டியூஷனில் சேர்க்காதீர்கள். இல்லாவிட்டால், வகுப்பில் சொல்லித்தருவதோடு பழைய வினாத்தாள் சிலவற்றை வீட்டில் செய்து பார்க்கட்டும். சனிக்கிழமை பின்னேரம் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். ரயில் பாதையைத் தாண்டினால் கடல்தானே.