ஆடும் வேக்குவம் நிப்பிள்: பேஸ்ட் ஏன் நிற்பதில்லை, எது நிற்கும்?

கேள்வி: என்னிடம் 2007 மாடல் மெர்சிடிஸ் சி 200 கொம்ப்ரஸர் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பூஸ்ட் மீட்டர் (இன்ஜினுக்குள் தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) மாட்டுவதற்காக மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) துளை போட்டு ஒரு பித்தளை நிப்பிள் (ஹோஸ் மாட்டும் சின்னக் குழாய்) இறக்கியிருக்கிறார். இப்போது அது கையால் திருப்பினாலே சுற்றுகிறது. சிக்னலில் ஏ.சி. போட்டு நின்றால் ஐட்லிங் ஏறி இறங்குகிறது. 'உஸ்' என்று சத்தமும் வருகிறது. மெக்கானிக் எபாக்சி பேஸ்ட் வைத்து அடைத்தார், கொஞ்ச நாளில் பெயர்ந்துவிட்டது. இனி மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும் என்கிறார். வேறு வழி உண்டா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: உண்டு. மேனிஃபோல்டை மாற்றுவது கடைசி வழி, அதற்கு இப்போதே போக வேண்டாம். ஆனால் மறுபடியும் பேஸ்ட் வைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

சூப்பர்சார்ஜரோ டர்போவோ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் மேனிஃபோல்டுக்குள் எப்போதும் உறிஞ்சல்தான். நிப்பிள் லேசாக ஆடினாலும் உள்பக்கமாகவே இழுபட்டு உட்கார்ந்திருக்கும். உங்கள் வண்டியில் அப்படி இல்லை; 'கொம்ப்ரஸர்' என்றாலே சூப்பர்சார்ஜர், அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பம்ப். ஐட்லிங்கில் பாதரசக் கணக்கில் சுமார் 18 முதல் 21 அங்குலம் வரை வேக்குவம் நின்று உள்ளே இழுக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் அதே இடத்தில் பூஸ்ட் ஏறி வெளியே தள்ளும். வேளச்சேரியிலிருந்து தரமணி போவதற்குள் இந்த இழுப்பும் தள்ளலும் எத்தனை தடவை மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் பூஸ்ட்தான் நிப்பிளைப் பிடுங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டால் அது சரிவராது. துளை 10 மி.மீ., பூஸ்ட் அரை பார் என்று வைத்துக்கொண்டால் நிப்பிளை வெளியே தள்ளும் விசை சுமார் 400 கிராம்தான். ஐட்லிங்கில் உள்ளே இழுப்பது அரை கிலோ அளவில் இருக்கும். ஒழுங்காக இறங்கிய நிப்பிளுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

என் சந்தேகம் மீட்டருக்குப் போகும் ஹோஸ் மேல்தான். பானெட்டைத் திறந்து அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். நிப்பிளிலிருந்து கேபின் சுவர் வரை விறைப்பாக நிற்கிறதா? இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது; ஒவ்வொரு தடவை பிக்கப் எடுக்கும்போதும் ஒரு பக்கம் சாயும். கேபின் சுவர் அசையாது. நடுவில் இருக்கும் ஹோஸ் ஒவ்வொரு தடவையும் நிப்பிளைப் பக்கவாட்டில் இழுக்கும். மவுன்ட் தேய்ந்திருந்தால் இழுப்பு இன்னும் கூடும். துளை அலுமினியத்தில் என்றால் சூடும் சேர்ந்துகொள்ளும். சூட்டில் அலுமினியம் பித்தளையைவிட அதிகம் விரியும். சென்னை வெயிலில், டிராஃபிக்கில், சூடான பானெட்டுக்குள் அடித்து இறக்கிய பித்தளையின் பிடி அப்படித்தான் தளர்கிறது. பேஸ்ட் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரீதரிலிருந்து (இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் குழாய்) வரும் எண்ணெய்ப் படலம் மேனிஃபோல்டின் உள்ளே எப்போதும் படிந்திருக்கும், துளையின் விளிம்பிலும் அது கசிந்து நிற்கும். எண்ணெய் மேல் எபாக்சி ஒட்டாது. பெயர்ந்த துண்டு வெளியே விழுந்தால் பரவாயில்லை. உள்ளே போனால் வால்வ் சீட்டில் மாட்டும்.

வேலையைத் தொடங்கும் முன்பு கசிவு அங்கேதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நிப்பிள் ஆடுவது கண்ணுக்குத் தெரிவதால் மற்றதைப் பார்க்காமல் விடுவது சகஜம். இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, மீட்டர் ஹோஸை நிப்பிளுக்குப் பக்கத்தில் மடித்துப் பிடியுங்கள். சத்தம் நின்றால் கசிவு ஹோஸில் அல்லது மீட்டரில். நிற்கவில்லை என்றால் நிப்பிளின் அடியில் கெட்டியான கிரீஸை வளையமாக அப்புங்கள். கிரீஸ் மெல்ல உள்ளே இழுபடுவது தெரியும், சில நொடிகளுக்கு ஐட்லிங் சீராகும். அப்படி ஆனால் சந்தேகமே இல்லை. கார்பரேட்டர் கிளீனரை ஸ்ப்ரே செய்து கண்டுபிடிக்கும் பழக்கம் நம்மூர் பட்டறைகளில் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

ஸ்கேனர் இருந்தால் ஃப்யூவல் டிரிம்மையும் (இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். ஐட்லிங்கில் +15 சதவீதம் மாதிரி நின்று, 2,500 ஆர்.பி.எம்.-இல் +5-க்குக் கீழே வந்தால் அது வேக்குவம் கசிவின் அடையாளம். காற்றளவு சென்சார் உள்ள இன்ஜினில் சென்சாரைத் தாண்டி உள்ளே நுழையும் காற்று கணக்கில் வராது, அதனால் ஐட்லிங்கில் கலவை மெலிகிறது. பூஸ்டில் நேர்மாறு: அளந்த காற்று துளை வழியாக வெளியே போய்விடும், பெட்ரோல் மட்டும் முழுதாக விழும், கலவை செறிவாகும். ஒரே ஓட்டை இரண்டு விதமாகக் காட்டுவதால்தான் சிலர் பிளக்கையும் சென்சாரையும் மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். துளை போட்ட இடம் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

அலுமினியம் என்றால் மரை போடுவதுதான் நிரந்தரம். அந்தப் பாகத்தைக் கழற்றி வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டும். வண்டியில் வைத்தபடியே டிரில் போட்டு, கிரீஸ் தடவிய டேப்பில் (மரை வெட்டும் கருவி) சீவல் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சீவல் தப்பினாலும் நேரே சிலிண்டருக்குப் போகும். 1/8 அங்குல என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை அளவு) மரைக்குத் துளை சுமார் 8.5 மி.மீ. இருக்க வேண்டும். இப்போதுள்ள துளை அதைவிடப் பெரிதென்றால் 1/4 அங்குலத்துக்குப் போங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: பாரிமுனை ஹார்டுவேர் கடையில் '1/8 நிப்பிள்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் அளவு) மரையைத்தான் கொடுப்பார்கள். என்.பி.டி.-க்கு அங்குலத்துக்கு 27 மரை, 60 டிகிரி, பி.எஸ்.பி.-க்கு 28 மரை, 55 டிகிரி. ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று ஏறும், இறுகியதுபோலவும் இருக்கும், ஆனால் கசியும். டேப்பையும் நிப்பிளையும் ஒரே கடையில், ஒரே வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

இது கூம்பு மரை. டேப்பை முழுதாக இறக்கிவிட்டால் பிடியே இருக்காது. கொஞ்சம் போட்டு, நிப்பிளைக் கையால் வைத்துப் பார்த்து, மூன்று நான்கு சுற்று கையாலேயே ஏறும் நிலையில் நிறுத்துங்கள். அப்புறம் ஸ்பானரில் ஒன்றரைச் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் வார்ப்பு அலுமினியம் விரியும். மரைக்குத் திரவ சீலன்ட் போடுங்கள், முதல் மரையை வெறுமையாக விடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், பிசிறு உள்ளே போகும். சுவர் மெல்லிசாக இருந்து மரைக்கு ஆழம் இல்லையென்றால், ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் கொடுத்து ஒரு அலுமினியப் புஷ் (தடித்த வளையம்) வைத்து வெல்டு செய்யச் சொல்லி, அதில் மரை போடலாம். நல்ல லேத் பட்டறையில் இது பெரிய வேலை இல்லை.

பிளாஸ்டிக் என்றால் மரையும் நிற்காது, எபாக்சியும் நிற்காது. அது நைலான் வகை, பசை பிடிப்பது கஷ்டம். உள்பக்கம் கை போகும் இடமாக இருந்தால் ஓ-ரிங்கும் நட்டும் உள்ள ஃபிட்டிங் போடலாம் என்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. உள்ளே இருக்கும் நட் என்றைக்காவது கழன்றால் இன்ஜினே போய்விடும். பிளாஸ்டிக்கில் துளை போட்டிருந்தால் மட்டும் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. புதுப்பேட்டையில் பழைய மேனிஃபோல்டு கிடைத்தால், விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

மேனிஃபோல்டு மாற்றினால் புதிதில் துளை போட விடாதீர்கள். த்ராட்டிலுக்குப் பின்னாலிருந்து கிளம்பும் சிறிய வேக்குவம் ஹோஸ் ஒன்றை வெட்டி, டீ (T வடிவ இணைப்பு) வைத்து மீட்டருக்கு எடுக்கலாம். டீ கண்டிப்பாகச் செக் வால்வுக்கு (காற்றை ஒரு பக்கமாக மட்டுமே விடும் வால்வு) முன்னால், மேனிஃபோல்டு பக்கத்தில் இருக்க வேண்டும். வால்வைத் தாண்டி எடுத்தால் மீட்டர் வேக்குவத்தை மட்டுமே காட்டும், பூஸ்டைக் காட்டாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே கசிவு வந்தால் பெடல் கல்லாகிவிடும்.

எந்த வழியில் போனாலும் ஹோஸை மாற்றுங்கள். ஜி.பி. ரோட்டில் உள்ளே நூல் பின்னிய, எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ் என்று கேளுங்கள். மெல்லிய சாதா டியூப் வேக்குவத்தில் சப்பிப்போகும், பூஸ்டில் கழன்று தெறிக்கும். கேபிள் டை போடாமல் சிறிய ஸ்பிரிங் கிளாம்ப் போடுங்கள். மீட்டர் ஹோஸ் தொடங்கும் இடத்தில் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் ஒன்றைச் செருகினால் முள் துடிக்காது. ஹோஸ் கழன்றாலும் இன்ஜின் தடுமாறாது. முக்கியமாக ஹோஸைத் தளர்வாக விடுங்கள். இன்ஜின் மேலேயே ஒரு கிளிப்பில் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு கேபின் சுவருக்குக் கொண்டுபோனால் இழுப்பு நிப்பிளுக்கு வராது.

வேலை முடியும் வரை வண்டியை எடுக்க வேண்டியிருந்தால் பூஸ்ட் ஏறும் அளவுக்கு மிதிக்காதீர்கள். நிப்பிள் முழுதாகக் கழன்றால் வேக்குவம் குறையும், செக் வால்வ் ஓரிரு தடவை பிரேக் அழுத்துவதற்கு மட்டுமே சேமித்து வைக்கும். வேலை முடிந்ததும் பிரேக்கையும் சோதியுங்கள்: இன்ஜினை நிறுத்திப் பெடலை நான்கைந்து தடவை அழுத்தி, கடைசியில் அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்.

அப்புறம் ஸ்கேனரில் பழைய டிரிம் கணக்கை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஐட்லிங் டிரிம் இன்னமும் +10 பக்கம் நின்றால் மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் பிரீதர் ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டியின் எம்271 இன்ஜினில் அந்த ரப்பர் வயதாகி வெடிப்பது வழக்கம். மேலிருந்து பார்த்தால் தெரியாது. மேனிஃபோல்டு கழன்றிருக்கும் நேரத்திலேயே அவற்றையும் மாற்றிவிட்டால் அதே கூலியில் முடிந்துவிடும்.