புல் அழுகும் பருவத்தில் பாஸ் மீன் எங்கே?

மினசோட்டாவின் மினடோங்கா ஏரியில் கோடை முழுக்க மில்ஃபாயில் என்ற நீர்ப்புல்லில் பாஸ் கிடைத்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து அதே இடத்தில் ஒன்றுமே இல்லை. ஏன்?

மீன் ரொம்ப தூரம் போயிருக்காது. பகல் குறைந்து தண்ணீர் குளிர ஆரம்பித்ததும், பெரும்பாலும் கரையோரப் புல்தான் முதலில் சாகும். அழுகும் புல் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். பச்சையாக இருக்கும் புல் வெயிலில் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். சிறு மீன்கள் அங்கே ஒதுங்கும், பின்னாலேயே பாஸும் போகும்.

அதனால் 'புல் எங்கே' என்று தேடாதீர்கள், 'எந்தப் புல் இன்னும் பச்சை' என்று தேடுங்கள். தூண்டிலில் மாட்டி வருவதைத் தூக்கி எறியாமல் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பேறி, வழவழவென்று, பிசைந்தால் கூழாகிறதா? கிளம்பிவிடலாம். விறைப்பாக நின்று, மடக்கினால் படக்கென்று முறிகிறதா? அங்கேயே நில்லுங்கள். பொதுவாக அது ஆழம் பக்கத்து வெளி விளிம்பாக இருக்கும். கூன்டெயில் புல் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பனிக்கட்டிக்கு அடியில்கூடப் பச்சையாக இருக்கக்கூடியது அது.

அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் எங்கு பார்த்தாலும் புல். எங்கே தொடங்குவது?

காதைத் தீட்டிக்கொண்டு தொடங்குங்கள். டென்னசி ஆற்றின் குறுக்கே 1939இல் கட்டி முடித்த அணையால் உருவான ஏரி இது. ஹைட்ரில்லாவும் மில்ஃபாயிலும் மேலே பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டால் சில இடங்களில் 'சப், சப்' என்று சத்தம் வரும். புளூகில் மீன்கள் புல்லின் அடியிலிருந்து பூச்சிகளை உறிஞ்சும் சத்தம். தவளை வடிவ ரப்பர் பொய் இரையை அங்கே இழுங்கள். தண்ணீர் சிதறியதும் பதறி வெட்டி இழுக்காதீர்கள், தூண்டில் நரம்பில் கனம் தெரியட்டும். சத்தமே இல்லாத பாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நேரம் செலவழிக்க மாட்டேன். அப்புறம், இலையுதிர் காலத்தில் பாஸுக்கு இரையாகும் ஷேட் மீன்கள் கிளை ஓடைகளுக்குள் நுழையும். ஓடை வாயில் பச்சைப் புல் இருந்தால் அதையும் பாருங்கள்.

தண்ணீர் திடீரென்று கலங்கி நாறுகிறது. மீன் பிடிக்கலாமா?

மேல்நீர் குளிர்ந்து கனத்து, அடிநீரோடு கலக்கும் பருவம் அது. அந்தச் சில நாட்கள் வேறு ஏரிக்குப் போவது மேல். ஆழமில்லாத ஏரிகளில் இந்தத் தொல்லை பெரிதாக இருக்காது.

எந்தப் பொய் இரை?

புல்லின் உச்சி தண்ணீருக்குள் இருந்தால் உதடில்லாத கிராங்க்பெய்ட், அதாவது முன்னால் தகடு நீட்டிக்கொண்டிராத மீன் வடிவப் பொய் இரை. அதைப் புல்லில் லேசாகச் சிக்கவிட்டு, வெடுக்கென்று பிய்த்து இழுங்கள். பெரும்பாலும் விடுபடும் அந்த நொடியில்தான் மீன் அடிக்கும். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஜிக் (ஈயத் தலை வைத்த கொக்கி இரை), அதுவும் மெதுவாக.

என்னிடம் படகு இல்லை.

புல் செத்த கரையில் படகுத்துறைக் கால்களையும் பாறைகளையும் பாருங்கள். விடியற்காலையில் ஓடாதீர்கள், வெயில் ஏறிய மதியமே போதும்.