ஆலிஸ் எப்படி வளர்வாள்? (கடிதம்)

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எங்கள் இளையோர் நாடகக்குழுவில் 9 முதல் 16 வயது வரை 22 பேர் இருக்கிறார்கள். ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதையை 50 நிமிட நாடகமாகப் போடவிருக்கிறோம். ஆலிஸ் சிறுத்துப்போவதையும் வளர்வதையும் எப்படிக் காட்டுவது? பின்னால் வீடியோ ஓடவிடலாம் என்கிறார்கள் சிலர். குரல் பின்வரிசைக்கு எட்டாது என்பதால் வசனத்தை முன்பே பதிவுசெய்து பிள்ளைகளை வாயசைக்க வைக்கலாமா என்றும் யோசிக்கிறோம். எல்லாருக்கும் வேடம் தரவும் வேண்டும்.

ஒரு நாடகக்குழுப் பொறுப்பாளர்

அன்புள்ள நண்பருக்கு,

வீடியோ வேண்டாம். 9 வயதுப் பிள்ளையும் 16 வயதுப் பிள்ளையும் ஒரே குழுவில் இருக்கும்போது உயர மாற்றத்துக்கு வேறு கருவி எதற்கு? மூன்று ஆலிஸ்களைத் தேர்ந்தெடுங்கள்: குட்டை, நடுத்தரம், நெட்டை. புட்டியைக் குடித்ததும் குட்டை ஆலிஸ் வருவாள், கேக்கைத் தின்றதும் நெட்டை. கதையே இதற்கு இடம் தருகிறது. காலையில் எழுந்தபோது நான் யாரென்று தெரியும், அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டேன் என்று ஆலிஸ் கம்பளிப்புழுவிடம் சொல்கிறாள். நேரம் போதவில்லை என்று அந்த வசனத்தை வெட்டிவிடாதீர்கள்.

மூவருக்கும் பொது அடையாளமாக ஒரு மஞ்சள் ஏப்ரன் போதும். மூன்று தைக்காதீர்கள், ஒரே ஏப்ரன், பார்வையாளர் கண்ணெதிரே கைமாற வேண்டும். மறைவில் மாற்றினால் இந்தப் புதுப் பெண் யாரென்று குழம்புவார்கள். கண்ணெதிரே மாறினால் இவளும் ஆலிஸ்தான் என்று உடனே ஏற்றுக்கொள்வார்கள். நாடா முடிச்சு அவசரத்தில் சிக்கும் என்பதால் கழுத்துக்கு வளையமும் இடுப்புக்கு வெல்க்ரோவும் வையுங்கள்.

புத்தகத்தில் அவள் 10 அங்குலமாகச் சிறுக்கிறாள், 9 அடிக்கு மேலும் வளர்கிறாள். மேடையில் அந்தக் கணக்குக்கு அவசியமில்லை. மேசைமேல் உள்ள சாவி கைக்கு எட்டவில்லை என்று தெரிந்தால் போதும். அந்த மேசையைத் துணியில் செய்யலாம். 5 அடி நீளம், 4 அடி அகலத்தில் மெல்லிய துணி. முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் மூங்கில் குச்சி நுழைத்துத் தைத்தால் தொய்யாது. நான்கு மூலையிலும் 4 அங்குல அகலம், 7 அடி நீளத்தில் வெள்ளைத் துணிப்பட்டைகள். அவைதான் மேசைக்கால்கள். ஒவ்வொரு பட்டையின் கீழ்முனையிலும் ஒரு இரும்பு வாஷரைத் தைத்துவிடுங்கள். கறுப்பு உடையில் நால்வர் மண்டியிட்டு, மூலைகளை இரண்டரை அடி உயரத்தில் பிடித்திருப்பார்கள். மிச்சப் பட்டை கைக்குள் மடிந்திருக்கும். ஆலிஸ் குடித்ததும் நால்வரும் எழுந்து கைகளை உயர்த்தியபடி பட்டையை நழுவவிட, கால்கள் தரைவரை நீளும். ஏப்ரன் கைமாறுவதும் இதே நேரத்தில்தான், 8 எண்ணிக்கைக்குள்.

ஒருவர் முந்தினாலும் மேசை சரிந்துவிடும். ஆகவே எண்ணிக்கையை மனதுக்குள் விடாமல் ஒரு பறையோ டிரம்மோ தாளம் தரட்டும். சாவியை ஒரு முழ நீள அட்டையில் வெட்டி, முன்விளிம்பில் வெல்க்ரோவால் தொங்கவிடுங்கள். மேலே படுத்துக்கிடக்கும் சாவி கீழே இருக்கும் பார்வையாளருக்குத் தெரியாது.

நீதிமன்றக் காட்சியில் ஆள்மாற்றம் உதவாது. அங்கே அவள் பேசப் பேச மெல்ல வளர்கிறாள். நெட்டை ஆலிஸை ஜூரிகளுக்குப் பின்னால் நிறுத்தி, 8 அங்குல உயரத்தில் மூன்று படிகள் கொடுங்கள். ஒரு மைலுக்கு மேல் உயரமானவர்கள் வெளியேற வேண்டும் என்று ராஜா 42-ஆம் விதியை வாசிக்கும்போது அவள் கடைசிப் படியில் இருக்கட்டும். படிகளை ஒன்றோடொன்று திருகாணியால் பூட்டி, விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டுங்கள். தனித்தனிப் பெட்டிகளாக அடுக்கினால் நகர்ந்து ஆள் விழும்.

பதிவுசெய்த வசனம் கூடவே கூடாது. அரங்கம் சிரித்தால் நடிகர் காத்திருப்பார், பதிவு காத்திருக்காது. ஒருவர் ஒரு வரி பிந்தி நுழைந்தால் அதற்குப் பிறகு எல்லா உதடுகளும் பிசகும். அதைவிடப் பெரிய இழப்பு, பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதையே விட்டுவிடுவார்கள். கேட்காதவரால் நடிக்க முடியாது.

குரல் எட்டாமல் போவதற்குச் சத்தக்குறைவைவிட வாக்கியத்தின் முடிவை விழுங்குவதே பெரும்பாலும் காரணம். உரக்கத் தொடங்குவார்கள், முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். தமிழிலோ வினை கடைசியில்தான் வருகிறது. “ராணியின் பண்டத்தை நான் திருடவில்லை” என்பதில் கடைசி அசைகள் போனால் வழக்கே தலைகீழாகிவிடும். ஒத்திகையில் கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, இறுதிச் சொல் கேட்காதபோதெல்லாம் கைதூக்கச் சொல்லுங்கள். மூச்செடுக்கும் இடங்களைப் பிரதியில் பென்சிலால் கோடிடுங்கள். முழு முகமூடி குரலை அடைத்துவிடும். முயலுக்குக் காதும் மூக்குச் சாயமும் போதும்.

மூன்று ஆலிஸ்களும் பூனை, தொப்பிக்காரன், ராஜா, ராணி போன்றோரும் போக மற்றவர்களைச் சீட்டுக்கட்டுப் படையாக்குங்கள். மேசை தூக்குவதும் ஜூரிகளாவதும் அவர்களே. குரோக்கே, அதாவது பந்தை வளைவுகளுக்குள் அடித்துச் செலுத்தும் ஆட்டத்தில் அவர்கள் குனிந்து கைகளை ஊன்றி வளைவாக நிற்க வேண்டும். விறைப்பான அட்டையை முழங்கால்வரை மாட்டினால் குனிய முடியாது. சீட்டைத் துணியில் தையுங்கள், அல்லது அட்டையை இடுப்போடு நிறுத்துங்கள்.

கதையில் வரும் பாட்டுகள் பல அக்காலப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த செய்யுள்களின் கேலி. மூலம் தெரியாத அரங்கில் அப்படியே மொழிபெயர்த்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். எல்லாருக்கும் மனப்பாடமான ஒன்றைத் திருப்புங்கள். தூங்குமூஞ்சி எலி ஆத்திசூடி ஒப்பிக்க எழுந்து, “உறக்கமது கைவிடேல்” என்று சொல்லிவிட்டு மறுபடி சாயலாம்.

பிரதியை நீங்களே எழுதுங்கள். 1865-இல் வந்த மூலத்துக்கு இப்போது காப்புரிமை இல்லை. அந்தப் புத்தகத்துக்கு ஓவியர் ஜான் டெனியல் வரைந்த 42 படங்களையும் உடைக்கு மாதிரியாகக் கொள்ளலாம். அச்சில் உள்ள தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். 1951-இல் வந்த டிஸ்னி படத்தின் பாட்டுகளை அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள்.